ஒரு விசில், ரெண்டு விசில்

மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே ஐந்தாம் வகுப்புக்கு வேதமுத்து என்று ஒரு வாத்தியார் வந்து சேர்ந்தார். வயசு நாற்பதைத் தாண்டியாயிற்று. மினி பஸ்ஸில் கண்டக்டராக ஓடிக்கொண்டே படித்துப் பாஸ் பண்ணியவர். பஸ்ஸை விட்டுவிட்டார், கழுத்தில் தொங்கிய விசிலை மட்டும் விடவில்லை.

தலைமையாசிரியை ராஜகனி அவரைவிட இளையவர். வீட்டில் இரண்டு வாண்டுகளை மேய்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் பள்ளிக்கூடத்தை மேய்ப்பவர். "இந்த வேலையை உங்ககிட்டதான் டீச்சர் கத்துக்கணும்" என்று வேதமுத்து வந்த அன்றைக்கே சொல்லியிருந்தார்.

சொன்னாரே தவிர, வகுப்பை அடக்க அவர் கையில் எடுத்தது விசிலைத்தான். ஒரு விசில் அடித்தால் எல்லாரும் வாய்மேல் விரல் வைக்க வேண்டும். ரெண்டு விசில் அடித்தால் பேசலாம். நடுவில் இருமினால்கூட முறைப்பார்.

ஒருநாள் மத்தியானம் முகம் சிவக்க ராஜகனியின் அறைக்கு வந்தார்.

"அந்தச் சொர்ணத்துக்கு டி.சி. கொடுங்க டீச்சர். இல்லைன்னா நான் அந்த வகுப்புக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

"என்ன செய்தா?"

"நான் போர்டுல எழுதிட்டு இருக்கேன். ஒரு விசில் அடிச்சாச்சு. அப்பவும் 'சார்'னு கத்துறா."

"எதுக்குக் கத்தினாளாம்?"

"அதை எதுக்கு நான் கேக்கணும்? விசில்னா விசில்தான். வெளியே போய் முட்டி போடுன்னேன். வெளியே போனா, முட்டி போட மாட்டேங்குறா. கொடிக்கம்பம் மாதிரி நிக்கிறா."

"நம்ம பள்ளிக்கூடத்துல முட்டி போடுறது கிடையாதே சார்."

"அப்போ எப்படித்தான் டீச்சர் வகுப்பை அடக்குறது? இப்போ பாருங்க, நான் இங்கே நிக்கிறேன். அங்கேயிருந்து ஒரு சத்தம் கேக்குதா?"

ராஜகனி காது கொடுத்தார். ஒரு சத்தமும் இல்லை. சட்டென்று எழுந்தார்.

"எங்கே டீச்சர்?"

"எங்க வீட்டுல பிள்ளைங்க சத்தம் நின்னுபோச்சுன்னா, நான் அடுப்பை அணைச்சுட்டு ஓடுவேன் சார்."

வேதமுத்து பின்னாலேயே போனார்.

வாசலில் வெயில். சொர்ணம் அதில் நின்றுகொண்டிருந்தாள். ராஜகனியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பின்னால் வந்தவரைக் கண்டதும் உதட்டை மடித்துக்கொண்டாள். ஜன்னல் வழியே வகுப்புக்குள் மட்டும் கையைக் காட்டினாள்.

உள்ளே எல்லாப் பிள்ளைகளும் வாய்மேல் விரல் வைத்திருந்தார்கள். எல்லார் காலும் பெஞ்சுமேல் இருந்தது.

"ஏன் காலைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ராஜகனி திரும்பி வேதமுத்துவைப் பார்த்தார். வேதமுத்து ரெண்டு விசில் அடித்தார்.

"பூரான்" என்றது வகுப்பு மொத்தமும் ஒரே குரலில்.

கடைசி பெஞ்சில் சொர்ணத்தின் பக்கத்து இடம் இசக்கியுடையது. வாய்மேல் வைத்த விரலை அவள் இன்னும் எடுக்கவில்லை. கண்ணீர் கன்னத்தில் வழிந்து, விரலையும் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. பாதம் இட்லி மாதிரி வீங்கியிருந்தது.

ராஜகனி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். சத்துணவு சமைக்கும் மாரித்தாயிடம் ஒப்படைத்து, பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார். இரண்டு பையன்கள் துடைப்பத்தோடு பூரானைத் தேடி அடித்தார்கள். அதுவரை வேதமுத்து நின்ற இடத்திலேயே நின்றார்.

ராஜகனி சொர்ணத்திடம் போனார்.

"உள்ளே வாடி."

"வரமாட்டேன் டீச்சர்."

"ஏன்?"

"போகச் சொன்னவங்கதான் கூப்பிடணும். டி.சி. கொடுத்தா வாங்கிட்டுப் போறேன். முட்டி மட்டும் போட மாட்டேன்."

வேதமுத்துவுக்குச் சுருக்கென்றது.

"பாத்தீங்களா டீச்சர் பேச்சை? பூரானைப் பாத்தது சரி. அதுக்காக இத்தனை பிள்ளைங்களுக்கு முன்னால நான் போய் அவளைக் கூப்பிடணுமா? இன்னைக்கு இவளுக்கு இறங்கிப் போனா, நாளைக்கு மொத்த வகுப்பும் என் தலைமேல ஏறும்."

"இருக்கட்டும். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. பஸ்ஸுல ஒருத்தருக்கு இறங்குற இடம் வந்துட்டா என்ன பண்ணுவாங்க?"

"குரல் கொடுப்பாங்க."

"'உன்னை யாரு பேசச் சொன்னது'ன்னு கேப்பீங்களா?"

"அது எப்படிக் கேக்க முடியும்? அவங்க இறங்கணுமே."

"அப்போ என்ன செய்வீங்க?"

"விசில் அடிப்பேன். டிரைவர் நிறுத்துவார்."

"கூட்டத்துல நின்னு ஒரு சின்னப் பிள்ளை குரல் கொடுத்தா?"

"அப்பவும் அடிப்பேன். யார் குரல் கொடுத்தா என்ன டீச்சர்? வண்டி நின்னுதான் ஆகணும்."

"ஒரு குரலுக்காக நிறுத்துனீங்களே, அதுக்காக உள்ளே இருந்த சனம் எல்லாம் உங்க தலைமேல ஏறிடுச்சா சார்?"

  வேதமுத்து கழுத்தில் தொங்கிய விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, சொர்ணத்தைக் கூப்பிட வெயிலில் இறங்கினார்.