யாரும் ஓட்டாத கேரவன்

பொள்ளாச்சியில் செங்கோடன் என்றொரு டிரைவர். அவன் ஷூட்டிங்குக்கு ஓட்டும் கேரவன், வாங்கிய நாலாம் மாதமே மழைக்கு ஒழுக ஆரம்பித்தது. "வாரண்டியில சரிபண்ணிட்டு வா, இல்லேன்னா சாவியை வச்சிட்டுப் போ" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஷோரூம் மேனேஜர் புருஷோத்தமன் மூன்றாம் முறையும் கையை விரித்தார். "வண்டியில குறையே இல்லப்பா. நீ மேடு பள்ளம் பாக்காம ஓட்டித்தான் கூரை ஜாயின்ட் விட்டுப்போச்சு. வாரண்டி கிடையாது."

"அதை எழுதிக் குடுத்துடுங்க சார்."

எழுதி, சீலும் குத்திக் கொடுத்தார்.

வெளியே அதே மாடலில் ஒரு புதுக் கேரவன் டெலிவரிக்கு நின்றது. "வாஷிங் ஆள் வரலை போலிருக்கு. நான் கழுவட்டுமா சார்?" என்றான் செங்கோடன்.

"கழுவு. பளபளன்னு இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, வண்டி வாங்க வந்த குடும்பத்தோடு மேனேஜர் உள்ளே ஏறினார்.

செங்கோடன் ஹோஸைக் கூரையை விட்டு எடுக்கவே இல்லை. "ஒரு சொட்டு இறங்காதுங்க" என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் வழுக்கையில் முதல் சொட்டு விழுந்தது. அடுத்தது மெத்தையில்.

குடும்பம் மொத்தமும் அவரையே பார்த்தது.

செங்கோடன் ஜன்னல் வழியாக அந்தக் காகிதத்தை நீட்டினான். "இந்த வண்டியை மேடு பள்ளம் பாக்காம ஓட்டினது யாருன்னும் எழுதிடுங்க சார்."

மேனேஜர் தலையைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. எழுதியதை அடித்துவிட்டு, ஈரக் கையோடு 'வாரண்டி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.