மூன்று புள்ளிகளும் ஒரு பொய்யும்

பூங்கோதையின் கைப்பேசிக்குள்ளே மூன்று புள்ளிகள் குடியிருந்தன. கூடப்பிறந்ததுகள். கோதை எழுத விரல் வைத்தால் எழுந்து குதிக்கும். ‘அவள் எழுதுகிறாள்’ என்று அந்தப்பக்கம் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். விரலை எடுத்தால் படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதுகளின் பிழைப்பு.

கோதைக்கு இணையத்தில் கிடைத்த சினேகம் ஸ்டெல்லாவும் அன்வரும். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. ‘வெட்டிப்பேச்சு வாரியம்’ என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். சாயந்திரமானால் கேள்வி கேட்பதும், தோற்றவரை ஓட்டித் தள்ளுவதும்தான் வாரியத்தின் அலுவல்.

அங்கே மவுசு எல்லாம் சிரிப்பு மூஞ்சி எமோஜிக்கு. மஞ்சள் முகம், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும்.

“நான் போனா சபையே கலகலக்குது. நீங்க என்னடான்னா எம்பி எம்பிக் குதிச்சிட்டு, ஒண்ணும் சொல்லாம படுத்துக்கிறீங்க!” என்று புள்ளிகளைச் சீண்டியது.

“சொல்றது எங்க வேலை இல்லப்பா” என்றது மூத்த புள்ளி.

கடைக்குட்டிப் புள்ளிக்கு மட்டும் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகவே கோதை என்னென்னவோ எழுதுவாள், எல்லாவற்றையும் அழிப்பாள், கடைசியில் சிரிப்பு மூஞ்சியை அனுப்பிவைப்பாள். அழிந்துபோன வரிகளைப் படித்திருந்தது கடைக்குட்டிதான்.

அன்றைக்கு ஸ்டெல்லா ஆட்டத்தை மாற்றினாள். “ஆளுக்கு மூணு விஷயம் சொல்லணும். ரெண்டு உண்மை, ஒண்ணு பொய். பொய் எதுன்னு மத்தவங்க கண்டுபிடிக்கணும். கோதை, நீதான் மொதல்ல.”

விரல் இறங்கியது. புள்ளிகள் எழுந்தன.

‘வேலை போயிடுச்சு. வீட்டுல சொல்லல. ஆபீசுக்குப் போற மாதிரி கிளம்பி, பஸ் ஸ்டாண்டுல உக்காந்துட்டு வரேன்.’

கோதை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓரெழுத்து விடாமல் அழித்தாள். விரல் நின்றது. அண்ணன்மார் இரண்டும் படுத்தன. கடைக்குட்டி படுக்கவில்லை.

“படுடா! விரல் எடுத்தாச்சுல்ல?”

“நானும் படுத்துட்டா அவ எழுதினதே யாருக்கும் தெரியாமப் போயிடும்ணே.”

“சொல்றதுக்கு உனக்கு வாயா இருக்கு?”

“குதிக்கத் தெரியுமே!”

தனியாகத் தத்தளித்துக் குதித்தது. பார்க்கச் சகிக்காமல் அண்ணன்மாரும் எழுந்து சேர்ந்துகொண்டன.

“என்ன கோதை, காவியமா எழுதுற?” என்று கேட்டான் அன்வர்.

வந்ததோ மூன்றே வரி.

“ஒண்ணு, எனக்குப் பாகற்காய் ரொம்பப் பிடிக்கும். ரெண்டு, சின்ன வயசுல ஆட்டுக்குட்டி முட்டி வாய்க்கால்ல விழுந்திருக்கேன். மூணு, நான் நல்லா இருக்கேன்.”

“ஒண்ணுதான் பொய்!” ஸ்டெல்லா பாய்ந்து வந்தாள். “பாகற்காய் பிடிக்கும்னு சொல்ற மனுஷப் பிறவி இன்னும் பொறக்கல. டேய் அன்வர், நீ சொல்லு.”

எதிலும் முந்திரிக்கொட்டையான அன்வர் அன்றைக்கு யோசித்தான்.

“மூணு வரிக்கா இம்புட்டு நேரம் குதிச்சுது அந்தப் புள்ளி?” என்றான். கொஞ்சம் பொறுத்து, “என் பதில் மூணு” என்றான்.

சிரிப்பு மூஞ்சி கோதையின் விரலடிக்கு ஓடி வந்தது. “நான் போய்ச் சமாளிச்சிடவா?”

“இன்னிக்கு ஒருநாள் தள்ளி நில்லேன்” என்றது கடைக்குட்டி. அதன் குரலில் என்ன கண்டதோ, மஞ்சள் முகம் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கியது.

விரல் சிரிப்பு மூஞ்சி இருந்த இடத்தைத் தாண்டிப் போனது. பிறகு, “சரியான விடை” என்று எழுதியது.

“ஆட்டத்தைத் தூக்கிக் குப்பையில போடு. என்னடி ஆச்சு?” என்றாள் ஸ்டெல்லா. அதன்பின் இருவரும் ஓரெழுத்துகூட எழுதாமல் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

அழித்ததையெல்லாம் விரல் மறுபடி முதலிலிருந்து எழுதத் தொடங்கியது. மூன்று புள்ளிகளும் எழுந்தன.

“திரும்ப அழிச்சுட்டாள்னா?” என்று பயந்தது நடுப்புள்ளி.

“மாட்டாடா” என்றது மூத்தது. “அந்தப்பக்கம் ஆள் உக்காந்திருக்கே.”