அழுங்கு சுருண்ட இடத்தில் ஆறு வளைந்தது

அந்தக் காலத்தில் ஆறுகள் பேசின, விலங்குகளும் பேசின. மனிதர்கள் அவற்றோடு பேசுவதை யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போவதுதான் மரியாதைக் குறைவு என்று நினைத்தார்கள்.

சீன நாட்டின் தெற்கே, செம்மண் குன்றுகளுக்கு நடுவே, இன்று சூவான் என்ற சிற்றூர் இருக்கும் இடத்தில் அப்போது ஒரு குடிசைகூட இல்லை. வடக்கு மலையிலிருந்து இறங்கிய ஆறு, நூல் பிடித்தாற்போல் நேராகத் தெற்கே ஓடியது. குளிர்காலத்தில் அது ஒரு மெலிந்த ஓடை. மழை தொடங்கிவிட்டால் அந்தத் தட்டை நிலம் முழுவதும் ஆறுதான். அதனால் அங்கே யாரும் தங்கவில்லை.

கிழக்குக் குன்றில் ஓர் அழுங்கு வாழ்ந்தது. எறும்புத்தின்னி என்றும் அதைச் சொல்வோம். உடம்பெல்லாம் ஓட்டுக் கூரைபோல் அடுக்கடுக்காகச் செதில். இன்றைய அழுங்குபோல் அது கூனி நடக்காது. பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஊரைப் பார்வையிட வந்த அதிகாரிபோல் நடக்கும். தன் நேரான முதுகைப் பற்றி அதற்கு ரொம்பப் பெருமை. குனிவது பிடிக்காததால் மரத்தில் ஏறும் எறும்புகளை மட்டுமே தின்னும். பல நாள் அரைவயிறுதான். அதை யாரிடமும் சொல்லாது.

ஒரு குளிர்காலத்தின் கடைசியில் லோ குலத்தார் வடக்கிலிருந்து நடந்து வந்தார்கள். போர் துரத்தியதா, பஞ்சம் துரத்தியதா என்று கதை சொல்லவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஊரை விட்டுப் போகும்போது இறந்துபோன மூத்தவரின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, கழுவி, ஒரு மண் தாழியில் வைத்து உடன் கொண்டுபோவார்கள். இறந்தவருக்குக் கடைசிக் கவளத்தை ஊட்டியவர் யாரோ, அவர்தான் தாழியை முதுகில் சுமக்க வேண்டும். வண்டியில் ஏற்றக் கூடாது. வழியில் தாழி தரையைத் தொடக் கூடாது. இளைப்பாறும்போது மரக்கிளையில் தொங்கவிடுவார்கள். தாழியைத் தரையில் வைத்துவிட்டால், உள்ளே இருப்பவர் "இங்கேயே இருப்போம்" என்று சொல்லிவிட்டதாக அர்த்தம். பிறகு அதை எடுக்க முடியாது. குலம் முழுவதும் அங்கேதான் குடியிருக்க வேண்டும். ஆனால் சுமப்பவர் வழுக்கி விழுந்து தாழி தரையைத் தொட்டால் அது கணக்கில் வராது. விழுவது யாருக்கும் நடக்கும், முன்னோர் பொறுத்துக்கொள்வார்கள்.

அந்தப் பயணத்தில் தாழியைச் சுமந்தவள் சியூஹே. தாழிக்குள் இருந்தது அவளுடைய மாமியார். வழியிலேயே காய்ச்சலில் கணவன் இறந்துவிட்டான். அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது.

தட்டை நிலத்தின் நடுவே வரும்போது அவள் பின்தங்கிவிட்டாள். கைக்கெட்டும் தூரத்தில் மரம் எதுவும் இல்லை. எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். இன்னும் நாலடி எடுத்து வைத்தால் விழுந்துவிடுவோம், தாழி உடைந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. மெதுவாக மண்டியிட்டாள். தாழியை இறக்கித் தரையில் வைத்தாள்.

முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்து ஓடி வந்தார்கள். குலத்தின் தலைவன் தாலின் அவள் கணவனைவிட வயதில் மூத்தவன். அவன் ஆற்றைப் பார்த்தான். நிலத்தில் காய்ந்து கிடந்த வண்டலைப் பார்த்தான். இது வெள்ளம் வரும் இடம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"வழுக்கி விழுந்துவிட்டாய், இல்லையா?" என்று சத்தமாகக் கேட்டான்.

"ஆமாம் ஆமாம், இங்கே மண் வழுக்குகிறது. நானே இப்போது வழுக்கி விழப் பார்த்தேன்" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. மண்ணோ காய்ந்து வெடித்துக் கிடந்தது.

சியூஹே எல்லோர் முகத்தையும் பார்த்தாள். அவர்கள் தனக்கு உதவத்தான் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"இல்லை, அண்ணா. வழுக்கவில்லை. நான்தான் வைத்தேன். என்னால் முடியவில்லை."

"இன்னொரு தடவை யோசித்துச் சொல்லேன்."

"யோசித்தாலும் அதேதான். அத்தைமேல் கை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது?"

தாலின் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "மழை வந்தால் உன் அத்தையோடு நாங்களும் மிதப்போம்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அன்று மாலை அடுப்பு மூட்டியபோது சியூஹேயின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கஞ்சியை மட்டும் யாரோ வைத்துவிட்டுப் போனார்கள்.

விடிந்ததும் அவள் ஆற்றிடம் போனாள்.

"ஆற்றுப் பெரியவரே, நாங்கள் இங்கே இருந்தாக வேண்டும். இந்த மழைக்கு வராமல் இருக்க முடியுமா?"

ஆறு மெலிந்த குரலில் பேசியது. "என்மேல் கோபப்படாதே, மகளே. நான் நின்றால் பின்னால் வரும் தண்ணீர் என் தலைமேல் ஏறிவிடும். மலையில் இடி இடித்தால் நான் வந்துதான் ஆக வேண்டும். ஆனால் இந்த வழியில்தான் வருவேன் என்று எனக்குப் பிடிவாதம் இல்லை. வேறு வழி காட்டினால் அதில் போகிறேன்."

"வேறு வழி இருக்கிறதா?"

"கிழக்கே குன்றுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. இந்த நிலத்தைச் சுற்றிக்கொண்டு போய்த் தெற்கே என் பழைய வழியிலேயே சேரும். ஆனால் குன்றின் தோள் என் கரைவரை நீண்டு குறுக்கே நிற்கிறது. அதை வெட்டினால் நுழையலாம்."

சியூஹே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குன்றின் தோளுக்குப் போனாள். தனியாக வெட்டத் தொடங்கினாள். மதியத்துக்குள் தாலின் வந்தான். பக்கத்தில் நின்று வெட்டினான். அவன் வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். வெட்டிய மண்ணைக் கூடைகளில் சுமந்து போய், பழைய ஆற்று வழிக்குக் குறுக்கே கரையாகக் கொட்டினார்கள். ஆறு பழைய பழக்கத்தில் நேரே வந்துவிடக் கூடாதே. ஓடைநீர் போகவும் ஆட்கள் நடந்து போய் வரவும் கரையின் நடுவில் ஓர் இடைவெளி மட்டும் விட்டு வைத்தார்கள். அதைக் கடைசியில் அடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள்.

அழுங்கு மேலேயிருந்து பல நாள் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் கைகளைப் பின்னால் கட்டியபடி இறங்கி வந்தது.

"வெட்டுகிறீர்களா, குன்றுக்கு முதுகு சொறிந்துவிடுகிறீர்களா?"

"நகம் இருப்பவர்கள் வந்து சொறியலாமே" என்றான் தாலின், வியர்வையைத் துடைத்தபடி.

"குனிந்து செய்கிற வேலை எனக்கு ஆகாது" என்றது அழுங்கு. பிறகு சியூஹேயின் பக்கம் திரும்பியது. "அம்மா, நீ வைத்ததை நான் மேலேயிருந்து பார்த்தேன். என்னைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. வழுக்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் இந்த வேலையே இல்லையே. ஏன் சொல்லவில்லை?"

"வழுக்கவில்லையே, ஐயா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சொல்லியிருக்கலாமோ என்று தினமும் தோன்றுகிறது. இவர்கள் கைகளைப் பார்க்கும்போது ரொம்பவே தோன்றுகிறது." கொப்புளம் வெடித்த தன் உள்ளங்கையைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள். "பயமாக இருக்கிறது, ஐயா. ஆனால் திரும்பக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்."

அழுங்கு திரும்பி மேலே போய்விட்டது. மறுநாள் அவர்கள் வந்து பார்த்தபோது, குன்றின் தோளுக்குள் ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சுரங்கம் இருந்தது. உள்ளேயிருந்து மண் பறந்து வந்துகொண்டிருந்தது.

"பார்க்காதீர்கள்!" என்று உள்ளேயிருந்து அழுங்கு கத்தியது. "நான் குனிந்திருக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது."

அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மண் அள்ளினார்கள். அழுங்கு குடைந்ததை மனிதர்கள் அகலமாக்கினார்கள். குன்றின் தோள் திறந்துகொண்டது. கால்வாய் பின்பக்கத்துப் பள்ளத்தாக்கைத் தொட்டது.

அந்த மதியம் மலையில் இடி இடித்தது. எப்போதும் இடிக்கும் காலத்துக்கு முன்பே இடித்துவிட்டது.

கரையின் இடைவெளி இன்னும் அடைபடவில்லை. எல்லோரும் கூடைகளோடு ஓடினார்கள். கொட்டிய மண் ஈரத்தில் கரைந்தது. வடக்கே ஆற்றின் குரல் கேட்டது. இப்போது அது மெலிந்த குரல் இல்லை.

"எங்கே வழி? சீக்கிரம் சொல்லுங்கள்! என்னால் நிற்க முடியாது, பின்னால் வரும் தண்ணீர் தள்ளுகிறது!"

"கிழக்கே, பெரியவரே! கிழக்கே திரும்புங்கள்!" என்று சியூஹே கத்தினாள்.

"நேரே ஒரு வழி திறந்திருக்கிறதே! நேரே இருந்தால் நான் நேரேதான் போவேன். அது என் குணம்!"

அந்த நேரான வழியில்தான் தாழி இருந்தது, கூரை போடாத வீடுகள் இருந்தன, ஓட முடியாதவர்கள் இருந்தார்கள். தாலின் சியூஹேயின் கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தான். அவள் தாழியின் பக்கம் ஓடப் பார்த்தாள்.

அப்போது அழுங்கு இடைவெளிக்கு நடந்து போனது. நிமிர்ந்துதான் நடந்தது. நடுவில் நின்று ஆற்றைப் பார்த்தது. பிறகு தலையை வயிற்றுக்குள் மடித்தது. வாலைத் தலைமேல் சுற்றியது. முதுகை வளைத்து, செதில்கள் வெளியே நிற்க, ஒரு பெரிய உருண்டையாய் அந்த இடைவெளி முழுவதையும் அடைத்துக்கொண்டது. அன்றுவரை எந்த அழுங்கும் அப்படிச் செய்ததில்லை.

ஆறு வந்து மோதியது. செதில்மேல் செதிலாய் வழுக்கிப் பிடி கிடைக்காமல் பக்கவாட்டில் திரும்பியது. திரும்பிய இடத்தில் புதிய வழி திறந்திருந்தது. "ஓ, இதுவா!" என்று சொல்லிக்கொண்டே ஆறு அதற்குள் இறங்கியது. குன்றைச் சுற்றி, பள்ளத்தாக்கு வழியாகப் போய், தெற்கே தன் பழைய வழியில் சேர்ந்தது. தட்டை நிலம் நனைந்தது, ஆனால் மூழ்கவில்லை.

மழை ஓய்ந்ததும் இடைவெளிக்குப் பின்னால் மண்ணையும் கல்லையும் கெட்டியாக அடைத்தார்கள். அழுங்கை உலுக்கிப் பார்த்தார்கள். அது பிரியவில்லை. காது வைத்துக் கேட்டால் மூச்சு மட்டும் கேட்டது. வெயில் படட்டும் என்று வீடுகளுக்கு நடுவில் உருட்டி வந்து வைத்தார்கள்.

அழுங்கு அங்கேயே சுருண்டு கிடந்தது. வீடுகள் எழுந்தன. சியூஹேக்குப் பெண் பிறந்தது. பெண்கள் தண்ணீர் எடுக்கப் போகும்போது அழுங்கைச் சுற்றிப் போனார்கள். எருமைகளையும் சுற்றித்தான் ஓட்டினார்கள். நடந்து நடந்து அந்த இடத்தில் பாதை வளைந்தது.

"கொஞ்சம் ஓரமாகத் தள்ளி வைத்தால் தெரு நேராக இருக்குமே" என்றான் புதிதாகக் கடை போட்ட ஒருவன்.

"ஆறே சுற்றிப் போகிறது" என்றான் தாலின். "உனக்கு என்ன அவ்வளவு அவசரம்?"

அடுத்த அறுவடை முடிந்து, வெயில் இளகிய ஒரு காலையில், உருண்டை மெல்லப் பிரிந்தது. அழுங்கு எழுந்து நின்றது. முதுகை நிமிர்த்தப் பார்த்தது. முடியவில்லை. மறுபடியும் முயன்றது. சியூஹே குழந்தையோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஐயா, உங்கள் முதுகு..."

அழுங்கு தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நாக்கை நீட்டி எதையோ நக்கியது. இன்னொரு தடவை நக்கியது.

"இங்கே இவ்வளவு எறும்பு இருக்கிறதா?" என்றது. "இத்தனை நாள் எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே!"

சியூஹேக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அழுங்கு கூனியபடியே, வழியெல்லாம் தின்றுகொண்டு, குன்றில் ஏறிப் போய்விட்டது.

அப்போது தொடங்கியதுதான், அழுங்குகள் ஆபத்து வந்தால் ஓடாமல் உருண்டையாய்ச் சுருண்டுகொள்வதும், ஆறு சூவானை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போவதும். ஊரின் சந்தைத் தெரு நடுவில் காரணமே இல்லாததுபோல் ஒரு பக்கமாக வளைகிறது. வளைந்த இடத்தில் சிலையோ மரமோ கல்லோ எதுவும் இல்லை, வெறும் தரைதான். காய்கறிக் கூடைக்காரிகளும், மோட்டார் சைக்கிளில் பறக்கும் பிள்ளைகளும், அந்த வெறும் தரையை மிதிக்காமல் இன்றும் சுற்றித்தான் போகிறார்கள்.