எங்கே குறைந்தது நெல்?

ஜமீன் களஞ்சியத்தில் நெல் குறைந்துபோச்சு. பழி யார் தலையில் விழுந்தது? வருஷா வருஷம் இருப்பை அளந்து சரிபார்க்கிற மாடக்கண்ணு தலையில்தான். பழியைப் போட்டவர் களஞ்சிய மணியக்காரர் தாண்டவராயர்.

"இவன் அசட்டையால் நெல் போச்சு மகாராஜா! வீடு வாசலை விற்றாவது இவனே நிரப்பணும்!" என்று தர்பாரில் முழங்கினார்.

மாடக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டு, "எந்தக் குதிர்ல குறைஞ்சுது சாமி? எந்த அறுவடை நெல்லு?" என்று கேட்டான்.

"எல்லாத்திலேயும்தான்! நீ எதைத்தான் ஒழுங்காப் பார்த்தே?"

ஜமீன்தாரும் என்னதான் பதில் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். மணியக்காரர் அதற்குமேல் விவரத்துக்குள் இறங்கவில்லை. எங்கேயோ, எப்போதோ, எப்படியோ போச்சு, அவ்வளவுதான்.

"அப்படியே ஒத்துக்கிடுதேன் மகாராஜா," என்றான் மாடக்கண்ணு. "எல்லாத்தையும் திரும்ப அளந்து, குறைஞ்ச இடத்துல நிரப்பிருதேன். மழைக்காலத்துல இடம் போதாம, அரண்மனை நெல்லுல கொஞ்சம் மணியக்காரர் வீட்டுக் குதிர்லயும் போட்டு வைக்கிறது வழக்கமாச்சே. என் அசட்டை அங்கே மட்டும் எட்டாமலா போயிருக்கும்? முதல்ல அங்கேயே அளப்போம்."

தாண்டவராயர் துள்ளிக் குதித்தார். "அங்கே எதுக்குடா? அங்கே ஒரு மரக்கால்கூடக் குறையலை! வச்சதுக்கு மேலேயே கிடக்கு!"



ஜமீன்தார் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். "எங்கே குறைஞ்சுதுன்னு சொல்லத் தெரியாத மணியக்காரருக்கு, எங்கே கூடிச்சுன்னு மட்டும் தெரியுதே?"

மாடக்கண்ணு கும்பிட்டான்.

"இப்பத்தான் மகாராஜா, பிராது முழுசாச்சு."