திரைக்குப் பின்னால் ஒரு கை

நாடி பார்ப்பதைப் பற்றி எத்தனை பாட்டு உண்டோ அத்தனையும் உமையாளுக்கு மனப்பாடம். எந்த அடியைக் கேட்டாலும் சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள்.

அப்படிப்பட்டவளை விட்டுவிட்டு, ஆற்றுத் திருவிழாவுக்குப் போகும் வைத்திய வண்டியில் சாத்தையாவுக்கு இடம் கொடுத்திருந்தாள் மருதி. ஒரு பாட்டைக்கூடத் திக்காமல் முடிக்கத் தெரியாத சாத்தையாவுக்கு! திருவிழாவில்தான் மாணவர்கள் முதன்முதலாக நோயாளியின் கையைத் தொடுவார்கள். அதுவரை வெறும் ஓலையும் பாட்டும்தான். போன வருஷமும் உமையாளை வண்டியில் ஏற்றவில்லை.

மருதிதான் அந்த வைத்தியசாலையின் குரு. உமையாளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். சாதாரண நேரத்தில் உமையாள் அவளைக் ‘குருவே’ என்பாள். கோபம் வந்தால் ‘அக்கா’.

“அக்கா, இது அநியாயம்.”

“எது?” மருதி சுக்கைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“சாத்தையாவுக்கு என்ன தெரியும்? வாதம் எது, பித்தம் எதுன்னு கேளுங்க, திருதிருன்னு முழிப்பான்.”

“சோதனை வெச்சேன். தேறினான்.”

“எனக்கும் வையுங்க. ஜெயிச்சா வண்டியில இடம். தோத்தா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்கே போயிடறேன்.”

“மூட்டை எதுக்கு இப்ப?”

“சொன்னா சொன்னதுதான்.”

மருதி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

உள்ளறையில் ஒரு திரை தொங்கியது. பெரிய இடத்துப் பெண்களுக்கு நாடி பார்க்கும் வழக்கம் அது. முகம் தெரியாது. பட்டுத்துணி சுற்றிய மணிக்கட்டு மட்டும் திரையின் இடுக்கு வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அன்றும் அப்படி நீட்டியிருந்ததன் மேல் உமையாள் மூன்று விரலையும் வைத்து அழுத்தினாள். எதுவும் தப்பிவிடக் கூடாதே என்று இன்னும் அழுத்தினாள். உடனே கிடைத்துவிட்டது. திடும், திடும்.

“பித்தம் ஏறிக் கெடக்கு. ராத்திரி தூக்கமில்லை. சோறு இறங்கலை. யார் மேலயோ பயங்கரக் கோபம்.”

“அவ்வளவுதானா?”

“கொஞ்சம் அவசரக்காரி வேற.”

மருதி திரையை விலக்கினாள்.

முக்காலியின் மேல் ஒரு வாழைத்தண்டு. உடம்புச் சூடு ஏற வெயிலில் போட்டு எடுத்து, நுனியில் பட்டுச் சுற்றி வைத்திருந்தது.

உமையாள் தண்டைப் பார்த்தாள். பிறகு, அழுத்தி அழுத்திச் சிவந்துபோய், இன்னும் திடும் திடுமென்று துடிக்கும் தன் விரல் நுனிகளைப் பார்த்தாள்.

“ஏமாத்திட்டீங்க!”

“நான் எங்கேம்மா ஏமாத்தினேன்? நீ சொன்னது அத்தனையும் சரி. நோயாளிதான் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கா.”

உமையாள் விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“சாத்தையா என்ன சொன்னான்?”

“இதே தண்டை ரொம்ப நேரம் பிடிச்சுப் பார்த்தான். எனக்கு ஒண்ணுமே தெரியலையே குருவேன்னு அழுதான்.”

உமையாளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கண்ணிலிருந்து வழிந்ததோ வேறு.

விடிந்ததும் மூட்டையோடு வாசலுக்கு வந்தாள். வண்டி பூட்டி நின்றது.

“எங்க கிளம்பிட்ட?” என்றாள் மருதி.

“தோத்துட்டேனே.”

“தோத்தா போறேன்னு சொன்னது நீ. நானா சொன்னேன்? மூட்டையை வண்டியில போடு.”

“தேறாதவளை எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?”

“இங்கேயே இருந்தா எப்படித் தேறுவ?”

“அப்ப போன வருஷமே கூட்டிட்டுப் போயிருக்கலாமே!”

“போயிருக்கலாம். உன் நாடியைக் கேட்டுட்டு முதல் ஆளுக்கே மருந்து சொல்லியிருப்ப.”

பதிலுக்குப் பேச உமையாளிடம் எவ்வளவோ இருந்தது. அத்தனையையும் விழுங்கிவிட்டு வண்டியில் ஏறினாள்.

ஆற்றங்கரையில் அவள் முன் முதலில் வந்து உட்கார்ந்தவள் ஒரு பொரிக்காரி. உமையாள் விரலை வைத்தாள். பூவைத் தொடுவது போல. நாடி தட்டுப்படவில்லை. இன்னும் தளர்த்தினாள். அப்போதும் இல்லை.

“என்ன தாயி, புடிச்ச கையை விடமாட்டியா? அங்க கடையில காக்கா மேயுது.”

“இருங்கம்மா. எனக்கு இன்னும் நாடி கிடைக்கலை.”

“கிடைக்கலையா? அப்ப நான் செத்தா போயிட்டேன்?”

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். உமையாளுக்குக் காது சுட்டது. பொரிக்காரியும் சிரித்தாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“சரி சரி, புதுசு போல. காக்கா தின்னா தின்னுட்டுப் போகுது. நீ நிதானமாப் பாரு.”

உமையாள் கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, எங்கோ ஆழத்தில், ஒரு நடை கேட்டது. அவளுடையது இல்லை. வேறொருத்தியின் நடை. களைத்துப்போய், நடுவில் நின்று, மறுபடி கிளம்பும் நடை. ஒரு பாட்டும் வாயில் வரவில்லை.

“குருவே, நடுவுல நின்னு நின்னு ஓடுது. எனக்கு இதுக்கு மேல சொல்லத் தெரியலை.”

மருதி வந்து கையை வாங்கிப் பார்த்தாள். தலையசைத்தாள். மருந்துப் பையைத் திறந்தாள்.

பொழுது சாயும்வரை கைகள் வந்துகொண்டே இருந்தன. காய்த்த கை, மருதாணிக் கை, நடுங்கும் கை.

வண்டி கிளம்பும் நேரத்தில் உமையாள் மருதியின் காலில் விழப்போனாள்.

“கத்துக்கொடுத்தீங்களே, குருவே.”

மருதி அவள் தோளைப் பிடித்துத் தூக்கி, கரைப் பக்கமாகத் திருப்பினாள். அங்கே பொரிக்காரி கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“என்கிட்ட எதுக்குச் சொல்ற? உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்ச பிறகும் கையை எடுக்காம உட்கார்ந்திருந்தாளே, அவகிட்டப் போய்ச் சொல்லு.”