எல்லோரும் படித்த கடைசி வரி

தக்கலையில் ஜெசிந்தா டீச்சரிடம் லினக்ஸ் கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொண்டவர்களில் டீச்சரைவிட வயதில் மூத்தவர் தாணுமாலயன் ஒருவர்தான். அவருக்கு ஐம்பத்துநான்கு. டீச்சருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவர் “டீச்சர்” என்பார். டீச்சர் அவரை “அண்ணாச்சி” என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கம்ப்யூட்டரை ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டால் அப்புறம் அதன் கீபோர்டைத் தொடமாட்டார். வேலை முடிந்தது என்று செய்தி வந்தால் நேரில் போவார். ஆனால் செய்தவரின் நாற்காலியில் உட்காரமாட்டார். அந்த இயந்திரம் யாருக்காக இருக்கிறதோ அவர்கள் இடத்தில் போய் இருப்பார். பேக்கரியில் பில் போடும் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போன அன்று, வரிசையில் நின்று இரண்டு பன் வாங்கித் தின்றுவிட்டு, சரியாக இருக்கிறது என்று சொல்லித் திரும்பினார்.

இந்த வருஷம் சந்தைக்குப் பக்கத்துக் கண் மருத்துவமனையைத் தாணுமாலயனிடம் விட்டார். தாணு தனியாகப் பார்க்கும் முதல் இடம் அது. சாவியை வாங்கிக்கொண்ட அன்று தாணு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஒரு வேலை முடிஞ்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும், டீச்சர்?”

“முடியட்டும். அன்னைக்குச் சொல்றேன்.”

அந்த மருத்துவமனையில் கண் பரிசோதிக்கும் அறை நீளமானது. ஒரு கோடியில் நோயாளியின் நாற்காலி. மறுகோடிச் சுவரில் ஒரு திரை. அதில் எழுத்துகள் வரிவரியாக வரும். மொத்தம் ஏழு வரி. முதல் வரியில் ஒரே பெரிய எழுத்து. போகப் போகச் சிறுத்து, ஏழாவது வரி எறும்பு ஊர்வது போல இருக்கும். நடுவில் அஜிதா சிஸ்டரின் மேஜை. அங்கே இன்னொரு திரை. அதிலுள்ள பொத்தான்களை அழுத்தித்தான் சிஸ்டர் வரிகளை மாற்றுவாள். இரண்டு திரைக்கும் கம்ப்யூட்டர் ஒன்றே.

சனிக்கிழமை மதியம் தாணு அந்தக் கம்ப்யூட்டரை அப்கிரேட் செய்தார். திரையில் எழுத்தையும் பொத்தானையும் வரைந்து கொடுக்கிற ஃபிரேம்வொர்க் புதிய பதிப்புக்கு மாறியது. அணைத்துத் திறந்து பார்த்தால், சிஸ்டரின் திரை யாரோ வீடு காலி பண்ணிப் போன மாதிரி கிடந்தது. தமிழ் எழுத்து இருந்த இடமெல்லாம் வெறும் கட்டங்கள். படங்களைக் காணவில்லை. ஒரு பட்டியலைத் திறந்தால் அது இன்னொன்றுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பொத்தான்கள் கடுகளவு ஆகிவிட்டன.

தாணு பதறவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை நோட்டில் எழுது என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தார். அப்படியே செய்தார். ஃபான்ட்டை மறுபடி ஏற்றியதும் கட்டங்கள் எழுத்தாயின. திரைக்கு அலங்காரம் செய்கிற பழைய ‘தீம்’ ஒன்றை எடுத்துவிட்டதும் படங்கள் வந்தன. தேங்கிக் கிடந்த பழைய ஃபைல்களை அழித்ததும் பட்டியல்கள் ஒழுங்காக நின்றன. கடைசியில் அந்தக் கடுகுப் பொத்தான்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதோடு மல்லுக்கட்டினார். சாயங்காலம், எல்லாவற்றையும் இரண்டு மடங்காக வரை என்று கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வரி எழுதிப் போட்டார். பொத்தான்கள் உளுந்தவடை போல உப்பி வந்தன.

நோட்டில் நான்காவது வரியை எழுதி, வேலை முடிந்தது என்று கீழே கோடு இழுத்து, டீச்சருக்கு ஃபோன் செய்தார்.

திங்கட்கிழமை காலையில் அஜிதா சிஸ்டர் திரையைப் பார்த்துவிட்டு, இத்தனை நாளும் இதை இடுக்கி இடுக்கிப் பார்த்து என் கண்ணே போயிருக்கும், இப்போதுதான் மனுஷர் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றாள். தாணு கதவோரம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். போக மனம் வரவில்லை.

அன்று நோயாளிகளுக்கும் நல்ல நாளாக இருந்தது. முதலில் வந்தவர் ரெத்தினசாமி சார், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஐந்தாவது வரியைத் தாண்டாதவர் என்று சிஸ்டரின் பதிவேட்டில் போன மாதம்தான் எழுதியிருந்தது. இன்று ஏழாவது வரியை மளமளவென்று படித்தார். பிறகு வலமிருந்து இடமாகவும் ஒரு தடவை படித்தார். கூட வந்திருந்த மனைவி கமலபாயிடம் திரும்பி, “பாத்தியா? காப்பியில உப்பு விழுந்ததுக்கு என் கண்ணு காரணம் இல்ல” என்றார்.

அவருக்குப் பின்னால் வந்தவர்களும் படித்தார்கள். பத்து பேர். கண்ணாடி வேண்டாம் என்று சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே போகும்போது ஒவ்வொருவரும் வாசலில் ஒரு கணம் நின்று, சாலையையும் எதிர் வீட்டு மாமரத்தையும் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்வை திரும்பிவிட்டது என்று நம்புகிற முகம் எந்த வயதிலும் அழகாகத்தான் இருக்கிறது. தாணு அத்தனை முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு டீச்சர் வந்தார். தாணு எழுந்து நோட்டை நீட்டினார். டீச்சர் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்துக்கொண்டே வந்து நான்காவதில் நின்றார்.

“எல்லாத்தையுமா, அண்ணாச்சி?”

“எல்லாத்தையும்தான், டீச்சர். ஒண்ணு விடல.”

டீச்சர் சிஸ்டரின் திரைப்பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் போய் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் தாணுவிடம் கொடுத்தார். கனமான கண்ணாடி அது. சிஸ்டர் பொத்தானை அழுத்தினாள். டீச்சர் முதல் வரியைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். கொஞ்சம் நிதானித்து மூன்றாவதையும் படித்தார்.

“நான் இந்த நாற்காலியில மூணு வருஷமா வந்து உக்காருறேன். கண்ணாடி இல்லாம முதல் வரியைத் தாண்டினதில்ல. கழட்டிட்டா எதிர்ல நிக்கிறது நீங்களா பீரோவான்னு தெரியாது.”

கண் தெளிந்திருக்கும் என்று தாணு சந்தோஷமாகச் சொன்னார். அஜிதா சிஸ்டரும் சிரித்தாள்.

“காலையில இருந்து எல்லாருக்கும் தெளிஞ்சிருக்கு, டீச்சர்.”

“எல்லாருக்கும்” என்ற வார்த்தையைக் கேட்டதும், எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கிய தன் நான்காவது வரி தாணுவுக்கு நினைவு வந்தது.

தாணு கண்ணாடியை அவர் கையில் கொடுத்துவிட்டு, சிஸ்டரிடம் ஒரு ஸ்கேல் கேட்டார். மேஜை டிராயரிலிருந்து பள்ளிக்கூடத்து ஸ்கேல் ஒன்று வந்தது, பதினைந்து சென்டிமீட்டர். சுவர்த் திரைக்குக் கீழே ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. முதல் எழுத்தின் உயரம் எண்பத்தெட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. முதல் நாளிலிருந்து அது அங்கேதான் இருந்தது. தாணு முதல் வரியை வரவைத்து, எழுத்தின் அடியில் ஸ்கேலை வைத்து நிமிர்ந்து பார்த்தார்.

ஸ்கேல் முடிந்துவிட்டது. எழுத்து முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து வராந்தாவில் சத்தம் கேட்டது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்கள், பதினெட்டு பேர். கண் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்க இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தது. சாப்பாட்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“சிஸ்டர், இன்னைக்கு இங்க எல்லாரும் பாஸாமே? டீக்கடையில ஒரு வாத்தியார் சொல்லிக்கிட்டிருக்காரு.”

சிஸ்டர் தாணுவைப் பார்த்தாள். தாணு டீச்சரைப் பார்த்தார். பழைய பதிப்புக்கே திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டார்.

“உங்க கம்ப்யூட்டர், அண்ணாச்சி. நான் தொடமாட்டேன்” என்று டீச்சர் நோயாளிகளின் பெஞ்சில் போய் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தார்.

தாணு நோட்டைத் திறந்தார். முதல் மூன்று வரிகளையும் மறுபடி படித்தார். அவற்றில் பிழை இல்லை. நான்காவதை அடித்தார். கம்ப்யூட்டரிலும் அந்த வரியை எடுத்தார். சுவரில் எழுத்து சுருங்கியது; சிஸ்டரின் பொத்தான்களும் கூடவே கடுகாயின. இதோடு பதினெட்டு பேரைப் பார்க்கச் சொன்னால் சாயங்காலம் நானும் இந்த நாற்காலியில் உட்கார வேண்டியதுதான் என்று சிஸ்டர் புலம்பினாள். தாணு அதையும் கேட்டுக்கொண்டார். சிஸ்டரின் திரைக்கு மட்டும் தனியாக அளவு சொல்ல வழி இருக்கிறதா என்று தேடினார். இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைத் தேடிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. ஒன்றே முக்காலுக்குப் பொத்தான்கள் மட்டும் மறுபடி வடையாயின.

ஸ்கேலை எடுத்தார். முதல் எழுத்து எண்பத்தெட்டு. கடைசி வரியையும் அளந்தார். ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டையும் நோட்டில் எழுதினார். கோடு இழுக்கவில்லை.

வேன்காரர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து எழுந்தார்கள். பதினைந்து பேர் சான்றிதழோடு போனார்கள். மூன்று பேரை டாக்டரிடம் அனுப்ப வேண்டியிருந்தது. அதில் ஒருவர், இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், எனக்கா கண்ணாடி என்று முறைத்தார். போன வாரம் சந்தை முக்கில் நான் கையாட்டியும் பார்க்காமல் போனது இதனால்தானா என்று கூட வந்தவர் கேட்டதும், முறைத்தவரே சிரித்துவிட்டார்.

இதற்கிடையில் தாணு சிஸ்டரின் பதிவேட்டை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போயிருந்தார். காலையில் வந்த பதினொரு பேரின் நம்பரும் அதில் இருந்தது. அவர்களிடம் நான் பேசுகிறேன் என்றாள் சிஸ்டர். நான் எழுதிய வரி, நானே பேசுகிறேன் என்று சொல்லிவிட்டார். உங்கள் கண்ணைப் பற்றிச் சொன்னது தப்பு, தப்பு கம்ப்யூட்டரில், கம்ப்யூட்டரில் என்றால் என்னிடம், சிரமம் பார்க்காமல் இன்னொரு தடவை வாருங்கள் என்று பதினொரு தடவை சொன்னார். ஒருவர் திட்டினார். ஒரு அம்மா, அப்ப கண்ணாடி வேணுமா என்று மட்டும் கேட்டுவிட்டு, சரி மக்கா, நாளைக்கு வாறேன் என்றாள். அதற்குத் திட்டே தேவலை என்று தாணுவுக்குத் தோன்றியது.

ஐந்து மணிக்கு ரெத்தினசாமி சார் வந்தார். பின்னால் கமலபாய், வேண்டுமென்றே இரண்டு அடி தள்ளி வந்தாள். டீச்சர் இன்னும் பெஞ்சில்தான் இருந்தார்.

சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்கு வரி ஓடியது. போன மாதப் பதிவேட்டில் இருந்தது போலவே ஐந்தாவதில் நடை தளர்ந்தது. ஆறாவதில், இல்லாத எழுத்துகளாகச் சொல்ல ஆரம்பித்தார். ஏழாவது வரி வந்தபோது சுவரில் ஏதாவது இருக்கிறதா என்று சிஸ்டரையே கேட்டார்.

“இப்ப சொல்லுங்க. காப்பியில உப்பு போட்டது யாரு?” என்றாள் கமலபாய்.

சார் எழுந்துவிட்டார்.

“காலையில எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. நல்லா இருந்ததை எவன் கெடுத்தான்?”

சிஸ்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாணுவின் பக்கம் கையைக் காட்டினாள். தாணு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“வேலை முடிஞ்சுது, அண்ணாச்சி. கோடு போட்டுக்கிடுங்க.”