படிக்கட்டில் போட்ட இலை

மகுடபதி மடத்துக்கு வந்தபோது குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

குரு என்றதும் தாடி வைத்த கிழவரை நினைத்துவிடாதீர்கள். பொன்னுருவி அம்மைக்கு நாற்பது வயதுதான். தலை முழுக்க நரைத்தவர் சீடரான மகுடபதிதான். அதனால் அம்மை அவரை வாங்க, போங்க என்றுதான் பேசுவார். திட்டும்போதும் அப்படித்தான்.

மகுடபதி ஆர்க்கிடெக்ட். வரைவதும் தாங்களே, கட்டுவதும் தாங்களே என்று நடத்துகிற ஒரு கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை. அடுத்த மாதம் ஓய்வு.

“மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?” என்றார் அம்மை.

“குழப்பமுங்க, அம்மா. நான் மொதமொதல்ல வரைஞ்சது டவுன் பிரசவ ஆஸ்பத்திரி. எடம் பத்தலைன்னு அதை இடிச்சுட்டுப் பத்து மாடி கட்டப் போறாங்க. வேலை எங்க கம்பெனிக்கே வந்திருக்குது. புது பிளானை நீங்களே போட்டுக் குடுத்துட்டுப் போங்கன்னு முதலாளி சொல்றாரு. நாளைக்குப் பதில் சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“என்னத்தைங்க சொல்றது? சரின்னா, பெத்த புள்ளையை நானே குழியில எறக்கின மாதிரி. மாட்டேன்னா வேற ஒருத்தன் இடிப்பான். நான் வீராப்பு பேசிட்டு வீட்டுல உக்காந்திருப்பேன். ஒண்ணும் புரியலீங்க.”

“புள்ளையைக் காட்டுங்க, பார்க்கலாம்.”

மகுடபதி செல்போனை எடுத்துப் பழைய படங்களைக் காட்டினார். நீள வராந்தா. நடுவில் வானம் தெரிகிற முற்றம். வெயில் விழுந்த தரை. அம்மை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

“ஆளே இல்லையே. யாரும் புள்ளை பெக்க வரலையா?”

“ஆள் நுழையறதுக்கு முன்னாடி எடுத்ததுங்க. எங்க தொழில்ல அதுதான் முறை. வந்துட்டாங்கன்னா வாளி வெப்பாங்க, துணி காயப்போடுவாங்க. படம் கெட்டுப் போயிடும்.”

“அப்புறம் எப்பவாச்சும் போனீங்களா?”

“திறப்பு விழாவுல பொன்னாடை போத்துனாங்க. அதோட சரி.”

“ஏன்?”

மகுடபதி குரலைத் தாழ்த்தினார். “படிக்கட்டுல ஒரு தப்புங்க. மாடி உயரத்தைக் கடைசி நேரத்துல குறைச்சேன். படிக்கட்டுக்கு விட்ட எடத்தைத் திருத்த மறந்துட்டேன். படி குறைஞ்சு போச்சு. மீந்த எடமெல்லாம் நடுவுல, படி திரும்புற எடத்துல சேர்ந்து ஒரு ரூம் அகலத்துக்கு நின்னுடுச்சு. பார்த்தவங்க சிரிப்பாங்கன்னு அந்தப் பக்கமே போகலை. எந்தப் படத்துலயும் அது விழாமப் பார்த்துக்கிட்டேன்.”

“கெட்டிக்காரர்தான்” என்றார் அம்மை.

மத்தியானம் இலை போட்டார்கள். மகுடபதி தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். அடுப்படியில் பருப்பு தாளித்த வாசம் வந்தது. சோறு வரவில்லை. நல்ல பசி.

“சாப்பிடுங்க” என்றார் அம்மை.

“இலையில ஒண்ணுமே இல்லீங்களே!”

“பரிமாறினா இலை கெட்டுப் போயிடுமில்ல?”

மகுடபதிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அம்மை அந்த இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். தூக்குப்போசியில் சோற்றை அள்ளிப் போட்டார்.

“எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

டவுன் பஸ்ஸில் போனார்கள்.

முற்றத்தைப் பார்த்ததும் மகுடபதி நின்றுவிட்டார். சாரல் அடிக்கிறதென்று மேலே தகரம் போட்டு மூடியிருந்தார்கள். கீழே ஸ்ட்ரெச்சர்கள் கிடந்தன. அவர் பெருமையாகக் காட்டிய படத்தில் இருந்த வெயில் எங்கேயும் இல்லை.

“நாசம் பண்ணிட்டாங்க” என்றார். கண் கலங்கிவிட்டது.

அம்மை அவரைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார்.

படி திரும்புகிற இடத்தில் நாலைந்து குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தன. டிபன் கேரியர்கள் திறந்திருந்தன. ஒரு கிழவர் ஜன்னலோரம் சுருண்டு தூங்கினார். பெரிய குங்குமப் பொட்டு வைத்த ஓர் அம்மாள் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

“வாங்கண்ணா. உங்களுக்கு மகளா, மருமகளா?”

மகுடபதி விழித்தார்.

“நம்முளுதும் உள்ளதான் இருக்குது, மருமக. விடிஞ்சதுல இருந்து வலி. இங்க உக்காந்தா காத்து வரும், உள்ள கூப்பிட்டாலும் கேக்கும். காத்திருக்கறவங்க உக்காந்து சாப்பிடட்டும்னே யாரோ யோசிச்சுக் கட்டியிருக்காங்க.”

“அது வந்துங்க…” என்று மகுடபதி வாயைத் திறந்தார்.

“சாப்பிடுங்க” என்றார் அம்மை. இலையை விரித்துச் சோற்றைப் போட்டார்.

மகுடபதி சாப்பிட்டார். மோர் சோறு வரைக்கும் தலை நிமிரவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

“புதுசுல இந்த எடம் வராதுங்க, அம்மா. இப்பவெல்லாம் இந்த மாதிரி தப்பைக் கம்ப்யூட்டர் உடனே காட்டிக் குடுத்துடும்.”

“அப்படியா?”

“வேணும்னே போட்டாலும், எதுக்கு இவ்வளவு எடம் வீணாப் போகுதுன்னு முதலாளியே கோடு போட்டு அடிச்சுடுவாரு. இதை விட்டா இவங்க எங்க போவாங்க? பழசை அப்படியே விட்டு வெச்சா உள்ள படுக்க எடமில்ல. வந்தப்ப இருந்ததை விட இப்பக் குழப்பம் சாஸ்தியாயிடுச்சு. நான் வரையட்டுங்களா, வேண்டாங்களா?”

“விருந்து வீட்டுல இலையை எந்தப் பக்கம் மடிப்பீங்க?”

“நம்ம பக்கமுங்க. மறுக்கா வருவோம்னு.”

“எழவு வீட்டுல?”

“எதிர்ப்பக்கமுங்க. இனி வேண்டாம்னு.”

“சாப்பிடாத இலையை?”

“அதை யாருங்க மடிப்பாங்க?”

“காலையில அதைத்தான் எப்படி மடிக்கறதுன்னு கேக்க வந்தீங்க.”

அதற்குள் கீழிருந்து இன்னொரு குடும்பம் கூடையும் ஃபிளாஸ்க்குமாக ஏறி வந்து, எப்போது இடம் விடுவார் என்று அவரையே பார்த்து நின்றது.

“இப்பத்தான் சாப்பிட்டாச்சே” என்றார் அம்மை. “மடிங்க.”

மகுடபதி இலையின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.